நீல பிஸ்கட் டின்

"ஐந்நூறு வருசப் பழசாம்! இடிச்சுக் கட்ட வழியில்லாமல் வைச்சிருந்து, அதுக்கும் காசு வாங்கிறாங்கள்."

சிறீஸ்கந்தராசா வாசலிலேயே தொடங்கிவிட்டார். உள்ளே நுழைந்ததும் தாழ்ந்த உத்தரம் தலையில் இடித்தது. தரை வேறு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. மத்தியகாலத்துக் கிராமம், கல் பாவிய தெரு, பெரிய பேர்போன ஹோட்டல். அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கென்று மகள் நிறோஷினி ஒழுங்கு செய்து கொடுத்தது.

"இந்தக் கட்டிலிலை முந்தி ஒரு ராசா படுத்தவராம்," என்றாள் மனைவி யோகம்மா.

"அவன் படுத்து எழும்பிப் போட்டான். அவன்ரை மெத்தை எங்களுக்கு ஏன்?"

அவர் கக்கத்தில் ஒரு நீல பிஸ்கட் டின் இருந்தது. புரொண்பியில் வீட்டு வாசலில் கார் ஏறும்போது தூக்கியவர், இன்னும் கீழே வைக்கவில்லை. நிறோஷினியின் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த நகை முழுவதும் அதற்குள். வழக்கமாக அது குசினியில், அரிசி வாளியின் அடியில் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் தமிழ் வீடாகப் பார்த்துக் கள்ளர் உடைக்கிற காலம் என்பதால், தானே கிண்டி எடுத்து டின்னில் போட்டிருந்தார்.

அறையில் பாதுகாப்புப் பெட்டி இருக்கிறதென்று வரவேற்புப் பெண் டேனிஷில் சொன்னாள்.

"ஓமோம், நான் வைக்க நீ எடுக்க!" என்று அவளைப் பார்த்துச் சிரித்தபடி தமிழில் சொன்னார். பிறகு மனைவியிடம், "கட்டில் விரிக்க வாறவளவையின்ரை கை நேரே பெட்டிக்குள்ளைதான் போகும். எல்லாம் கள்ளக் கூட்டம்."

ஒரு கிழமையாக வீட்டிலும் இதே பாட்டுத்தான்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கும் டின் அவர் மடியில் வந்தது. கோப்பி ஊற்றிய பெண் அதை ஒருமுறை பார்த்தாள்.

"பாத்தியே, கண் போற போக்கை!"

யோகம்மா பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. பக்கத்து வீட்டுச் செல்லத்துரை.

"அண்ணை, உங்கடை வீட்டுப் பின்கதவை உடைச்சுப் போட்டாங்கள். பொலிஸ் நிக்குது. டிவி, லாப்டொப் ஒண்டும் தொடேல்லை. அரிசி வாளியைத்தான் கவிட்டுக் கொட்டியிருக்கிறாங்கள்."

சிறீஸ்கந்தராசா சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"தமிழன் நகையை எங்கை வைப்பான் எண்டு படிச்சுப்போட்டு வந்திருக்கிறாங்கள். அந்த அரிசியைக் கூட்டி அள்ளிச் சோறாக்கித் தின்னட்டும், மோடன்கள்!"

போனை வைத்துவிட்டு டின்னைத் தட்டினார்.

"என்ரை மூளையைப் பாத்தியே, யோகம்?"

யோகம்மாவின் கை பாணோடு அப்படியே நின்றது.

"இஞ்சருங்கோ... கோவிக்காதேங்கோ. ஹோட்டல்காரர் கள்ளர், கள்ளர் எண்டு நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. நீங்கள் காரை எடுக்கப் போன நேரம், எல்லாத்தையும் திருப்பி அரிசிக்குள்ளையே..."

சிறீஸ்கந்தராசா மூடியைத் திறந்தார்.

வழியில் பசித்தால் சாப்பிடவென்று யோகம்மா சுட்ட பயற்றம் பணியாரம், ஒன்றுகூட உடையாமல், வெகு பத்திரமாக இருந்தது.