பூத்ததே குற்றம்

"ஊரே ஒரு குடம் தண்ணிக்கு அல்லாடுது, உங்க தோட்டத்துல மட்டும் பூவா குலுங்குது! மனசாட்சி இருக்கா?"

வேலியோரம் நின்று கொதித்தார் குடியிருப்புச் செயலாளர். குட்டிச் சூரியகாந்தி போன்ற மஞ்சள் பூக்கள் தன்னைப் பார்த்துப் பல்லிளிப்பதாகவே அவருக்குப் பட்டது.

"இன்னிக்கே உங்க தண்ணி இணைப்பைத் துண்டிக்கிறேன்!"

வீட்டுக்கார டீச்சரம்மா தோட்டத்துக் குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. பின்னாலேயே ஓர் எறும்பு வந்தது.

"அடைப்பு எடுக்கச் சொல்லி நாலு மாசமா உங்க வீட்டுக்கு நடையா நடந்தேன். 'பார்க்கலாம், பார்க்கலாம்'னீங்க. குடிக்கிற தண்ணியையே தங்கச்சி வீட்டுலேருந்து தூக்கிட்டு வரேன். உங்களை நம்பி வெச்ச ரோஜாவெல்லாம் கருகிப்போச்சு, சார். தண்ணியே கேக்காத இந்தக் காட்டுச்செடிதான், உங்களை நம்பாம பொழைச்சுக்கிச்சு!"