உயிருடன் உள்ளவர்

குலவீரசிங்கம் தன் வம்சாவளி முழுவதையும் இணையத்தளத்தில் ஏற்றி முடித்தார். மனைவி யோகாம்பிகை கைபேசியில் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். மகனின் இடத்தில் பெயரும் இல்லை, படமும் இல்லை. முகமில்லாத ஒரு சாம்பல் உருவம் மட்டும் இருந்தது. அதன் கீழே ‘உயிருடன் உள்ளவர்’ என்று எழுதியிருந்தது.

“பிள்ளையின்ர படம் போடேல்லையோ?”

“போட்டனான். உயிரோட இருக்கிற ஆக்களை மென்பொருள் மறைச்சுப்போடும். இறந்த திகதி குடுத்தால்தான் காட்டும்.”

விசாரணைக்கென்று கூட்டிப்போனவர்கள் அவனைத் திருப்பி அனுப்பவேயில்லை. மரணச் சான்றிதழை நீட்டிய அலுவலகங்களிலெல்லாம் கையெழுத்திட மறுத்து எழுந்து வந்தவள் அவள்.

“ஒரு திகதியைப் போடுங்கோ,” என்றாள். “எல்லாரோடையும் சேர்த்து ஒருக்காப் பாப்பம். பிறகு அழியுங்கோ.”

அவனைக் கூட்டிப்போன நாளை அவர் கணினியில் தட்டினார். சாம்பல் உருவம் மறைந்து, புதுச் சட்டையில் மகன் சிரித்தான். அவள் கைபேசியை முகத்தோடு அணைத்துக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்து, அவர் திகதியை அழிக்கக் கையை வைத்தார்.

“பொறுங்கோ,” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் செத்திருக்கட்டும்.”