வடித்த தண்ணீர்

தன் மேல் தவறில்லை என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

டயாலிசிஸ் கட்டிலில் அவள் கணவர் தணிகாசலம் படுத்திருந்தார். அவருடைய ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. டயட்டீஷியன் பர்வீன் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி நின்றாள்.

சர்க்கரை சரியாக இருந்தது.

பொட்டாசியம்தான் மூன்று மாதமாக ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் ஏறினால் இதயம் நின்றே போகலாம்.

பதினெட்டு வருஷம் அவருடைய சர்க்கரையைக் கட்டி மேய்த்தவள் அவள். கல்யாணப் பந்தியில் அவர் இலையில் விழுந்த ஜாங்கிரியை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டவள். சிறுநீரகமும் கைவிட்டபோது, புதுப் பாடத்தை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். வாழைப்பழம் கிடையாது. இளநீர் கிடையாது. காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

அவளிடமா குறை கண்டுபிடிப்பார்கள்?

பர்வீன் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் டாண் டாண் என்று பதில் சொன்னாள்.

“வடிச்ச தண்ணிய என்னம்மா பண்றீங்க?”

இதெல்லாம் ஒரு கேள்வியா என்றிருந்தது அவளுக்கு.

“அத யாராச்சும் கீழ ஊத்துவாங்களா? சத்தெல்லாம் அதுலதான இருக்கு. அவருக்கு ரசம் வெச்சுக் குடுத்துடுவேன்.”

பர்வீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காயிலிருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றத்தான் அந்தத் தண்ணீரை வடிக்கச் சொன்னோம் என்று மெதுவாக விளக்கினாள்.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

மூன்று மாதம். தினமும் ஒரு டம்ளர். தன் கையாலேயே.

கணவரின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

“எனக்குப் போன வாரமே தெரியும்,” என்றார் அவர். “பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாரு.”

“தெரிஞ்சுமா குடிச்சீங்க?”

“வாய்க்கு நல்லா இருந்தது அது ஒண்ணுதான்.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. இவ்வளவு நாளும் அளந்தாள், வடித்தாள், எழுதி வைத்தாள். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். பர்வீன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“தண்ணிய நான் கொட்டிடுறேன். ருசிக்கு ஒரு வழி சொல்லும்மா.”