வாளின் கைப்பிடி

பெனின் நகரத்தில் எங்கள் சிறிய அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் சேரும் அன்றே எல்லோரும் எச்சில் மாதிரி கொடுக்க வேண்டும். பழம்பொருளில் எங்கள் மரபணுத் தடம் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காக. ஆய்வு உதவித்தொகையில் வந்த நானும் கொடுத்தேன்.

நானூறு ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த வாள் என் மேசைக்கு வந்தது. துருவைச் சுரண்டியபோது அடியில் ரத்தமும் கழுத்தெலும்புத் துகளும் இருந்தன. சோதனைக்கு அனுப்பினேன். ரத்தம் எங்கள் தலைவி டாக்டர் உவைலாவின் மாதிரியோடு அப்படியே பொருந்தியது.

அவர் அந்தத் தாளை என் முகத்தில் வீசினார்.

"ஏம்ப்பா எசோசா, மாதிரிக் குழாயை மாத்தித் தொலைச்சியா? நான் அந்த வாள் பக்கமே வரலையே! உன்னையெல்லாம் யாரு சேத்தது?"

"கைப்பிடியில எடுத்ததையும் அனுப்பியிருக்கேன் மேடம். அது வரட்டும்."

"வந்தா மட்டும் கிழிச்சிடுவியா? தள்ளு, அந்த எலும்பை நானே பாக்கறேன்."

அவர் நுண்ணோக்கியில் குனிந்திருந்தபோது இரண்டாவது தாள் வந்தது. கைப்பிடியில் இருந்த வியர்வை என்னுடையது. வெறுங்கையால் நான் அதை இன்னும் தொட்டதே இல்லை.

வாள் என் பக்கத்தில் இருந்தது. துரு போன இடத்தில் விளிம்பு மின்னியது. மேடத்தின் பவள மாலை முன்னால் சரிந்து, பின்கழுத்து தெரிந்தது.

நான் கையுறைகளைக் கழற்றினேன்.