கொழுந்து பறிக்கும் நடிகை

"இந்தப் பொம்பள சுத்தப் பொய்யி, சார்!"

ஆறாம் வகுப்பு நிரோஷன் எழுந்து நின்று விரலை நீட்டியதும் வகுப்பே கைதட்டியது. குற்றம் சாட்டப்பட்டவள் அசையவில்லை. கரும்பலகைக்கு மேலே நாலு ஆணியில் தொங்கியபடி சிரித்துக்கொண்டே இருந்தாள். ஏதோ ஒரு தேயிலைக் கம்பெனியின் விளம்பரப் படத்தில் கொழுந்து பறிப்பவள் அவள்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் யோகேஸ்வரன் ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியர். இந்த ஆறு வருடத்தில் பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரம் மூன்று தடவை காற்றில் பறந்து, அடுத்த தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஒருவழியாக நிரந்தரமாகிவிட்டது. இவருடைய வேலைதான் நிரந்தரமாகவில்லை.

இன்றைக்குக் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி ஞானரட்ணம் ஐயா பாடம் பார்க்க வந்திருந்தார். அவர் நல்லதாக நாலு வரி எழுதினால் யோகேஸ்வரனுக்கு விடிவு. விளம்பரம் நம்மை எப்படி மயக்குகிறது என்பது பாடம்.

"வேற என்னென்ன பொய்யி இருக்கு? கண்ண நல்லாத் தொறந்து பாருங்க!" என்றார் யோகேஸ்வரன்.

"இடுப்புல படங்குச் சாக்கு கட்டல சார். பனித்தண்ணியில பட்டுச் சீலை ஊறிப்போயிராதா?"

"கழுத்துல அட்டியல் வேற. எங்க மலைக்கு இதப் போட்டுட்டுப் போனா, ரத்தம் குடிக்கிற அட்டையே கழட்டிட்டுப் போய் அடகு வச்சிரும்."

"சிரிக்கிறா சார்!" என்றான் லோஜன். "கங்காணி பின்னாடி நிக்கிறப்ப எவ சிரிப்பா? கூடையில பாருங்க, பத்துக் கொழுந்து இல்ல. இவளுக்கு அரைப்பேரு போட்டு அரைநாள் சம்பளங்கூடக் குடுக்க மாட்டாங்க."

தனுஷிகா மட்டும் படத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய் நின்றாள். "சார், வெரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கே, எங்க அம்மாவுக்குக் கொழுந்துக் கறை புடிச்ச மாதிரி?"

"அது அச்சு மை," என்றார் யோகேஸ்வரன்.

"மையேதான்," என்று ஞானரட்ணம் ஐயாவும் எழுந்துவிட்டார். "இவ கொழும்பு நடிகை. நானே டீவி நாடகத்துல பாத்திருக்கேன். மாமியாருக்கு விஷம் வைப்பாளே, அவதான்!"

அந்த நாடகத்தைத் தாங்களும் பார்த்ததாக ஏழு பிள்ளைகள் உடனே கை தூக்கினார்கள். அவர்களில் நாலு பேர் வீட்டில் டீவி கிடையாது.

ஐயா பேனாவைத் திறந்தார். எழுதப் போனவர் நிறுத்திவிட்டு, ஓரக்கண்ணால் யோகேஸ்வரனைப் பார்த்தார்.

"கெட்டிக்காரப் புள்ளைகள மட்டும் பேச விட்டு அதிகாரிக்குக் காட்டுறதும் ஒரு விளம்பரந்தான், மாஸ்டர். அந்தா, கடைசி வாங்குல உக்காந்து இம்புட்டு நேரம் வாயே தொறக்காத புள்ள சொல்லட்டும். சரியாச் சொன்னா எழுதுறேன்."

அவள் ஷாமிலா. உடப்புசல்லாவையிலிருந்து மாமா வீட்டுக்கு வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மூன்றே நாள். இந்த மூன்று நாளில் அவள் பேசியது, பெயர் கூப்பிடும்போது 'இருக்கேன் சார்' என்று மூன்று தடவை.

"பயப்படாமச் சொல்லும்மா," என்றார் யோகேஸ்வரன், ஏறக்குறையக் கும்பிட்டபடி. "இந்தப் படத்துல எதெல்லாம் பொய்யி?"

ஷாமிலா எழுந்தாள். படத்தைப் பார்த்தாள். ஐயாவின் பேனாவைப் பார்த்தாள்.

"சீலையும் அட்டியலுந்தான் சார். படம் புடிச்சு முடிஞ்சதும் கழட்டி வாங்கிட்டாங்க."

"சபாஷ்! வந்து மூணு நாள்ல இந்தப் போடு போடுதே!" ஐயா மடமடவென்று எழுதத் தொடங்கினார். இரண்டாவது வரியில் பேனா நின்றது. மெல்லத் தலையைத் தூக்கினார்.

"கழட்டி வாங்கிட்டாங்களா? யாருகிட்ட இருந்தும்மா?"

"எங்கம்மாகிட்ட இருந்து, சார்."