நாலாவது நட்சத்திரம்

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்த ஐந்து பேரின் பெயர்களைப் பேரவையில் ஓர் உறுப்பினர் வாசித்தார். அப்படி யாருமே சாகவில்லை என்றார் அமைச்சர். பெயர்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கியது ஒரு சொல்லானாலும் ஒரு பக்கமானாலும் அந்த இடத்தில் மூன்று நட்சத்திரம் போட வேண்டும் என்பது பதிப்புப் பிரிவின் விதி. மெய்ப்புப் பார்க்கும் இருதயராஜ் இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அதை மீறி ஐந்து போட்டார். யாரும் கவனிக்காமல் அவைக்குறிப்புப் புத்தகம் அச்சாகிவிட்டது.

செத்தவர்களில் ஒருவரின் மனைவி அஞ்சலை தேடி வந்தாள்.

"அவரு பேர சபையில படிச்சாங்களாமே. அந்தத் தாளு வேணும் சார்."

இருதயராஜ் பக்கத்தைத் திறந்து குரலைத் தாழ்த்தினார். "பேரு இருக்காதும்மா. இந்தா, நாலாவது நட்சத்திரம். அதான் உன் வீட்டுக்காரரு."

அவள் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். "இதையே அரசாங்க முத்திரை போட்டுக் குடுங்க சார். இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

நகலெடுத்து முத்திரை போடப் பேரவைச் செயலாளரின் கையெழுத்து வேண்டும். செயலாளர் பக்கத்தைப் பார்த்தார், நட்சத்திரங்களை எண்ணினார். 'மூன்றாகத் திருத்துக' என்று ஓரத்தில் எழுதினார். இருதயராஜே திருத்தினார்.

மறுவாரம் அஞ்சலையின் கைக்கு நகல் வந்தது. முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. அவள் விரல் ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்து, அதற்கடுத்த வெறும் தாளில் போய் நின்றது.

"சார், இங்கதான இருந்தாரு?"