பன்னிரண்டு ஆகட்டும்

"மணி பத்தரை தாண்டிடுச்சு. இப்ப நான் ரிலீஸ் பண்ண மாட்டேன்."

மாதவன் சொன்னதும் தென்னூர் மாடி அறையில் இருந்த மூவரும் அவனையே பார்த்தார்கள். காலையிலிருந்து இல்லாத கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. அவர்களுடைய ராக் குழுவின் முதல் பாட்டு கம்ப்யூட்டரில் தயாராக நின்றது. ஒரு பட்டனை அமுக்கினால் உலகமே கேட்கும்.

"கச்சேரி நடத்தற பெங்களூர்க்காரர் பதினொன்றரைக்குள்ள லிங்க் கேட்டிருக்காருடா. பாட்டு வெளிவந்தாத்தான் நமக்கு மேடை" என்றாள் கிட்டார் வாசிக்கும் தஸ்லிமா.

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம். முதல் பாட்டு. வேணாம்."

டிரம்ஸ் வாசிக்கும் ஆசீர் சீறினான். "உங்கப்பா சொல்லி அனுப்பினாரா? ஸ்ரீரங்கத்துல உக்காந்துக்கிட்டு இங்க உன் கையைப் பிடிச்சு இழுக்கிறாரா?"

"அப்பாவுக்கு நான் பாடறதே தெரியாது. எனக்குத்தான் மனசு ஒப்பலை."

"பாட்டை எழுதினவனே நீதானேடா!"

"அதான் பயமா இருக்கு."

பேஸ் கிட்டார் வளவன் சட்டென்று மவுஸைப் பிடுங்கிப் பட்டனை அமுக்கினான். திரை ஓ.டி.பி. கேட்டது. மாதவனின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது.

"நம்பரைச் சொல்லு."

மாதவன் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"வேலையை விட்டுட்டு வந்தவன்டா நான்" என்றான் வளவன். "இந்த மேடையும் போச்சுன்னா, துறையூர்ல அப்பாவோட உரக்கடைதான். திரும்பி வர மாட்டேன்."

"தஸ்லிமா, பெங்களூர்க்காரர்கிட்ட கொஞ்சம் டைம் கேளேன்" என்றான் மாதவன்.

அவள் போனில் கெஞ்சிவிட்டுக் கீழே வைத்தாள். "பாட்டையே நேரத்துக்கு அனுப்பாதவங்க மேடைக்கு மட்டும் நேரத்துக்கு வந்து கிழிப்பீங்களான்னு கேக்கறார்."

பதினொன்றரைக்குப் பின் ஒரு மெசேஜ் வந்தது. மேடை வேறு குழுவுக்குப் போய்விட்டது. வளவன் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு அடித்தது. இன்னும் ஒரு நிமிஷம் போகட்டும் என்று காத்திருந்த மாதவன், புதிதாக வந்த நம்பரைச் சொல்லிவிட்டு, போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பாட்டு வெளியானது. தஸ்லிமா ஸ்பீக்கரை முழுச் சத்தத்துக்குத் திருகினாள். அறை அதிர மாதவனின் குரல் முழங்கியது:

"நல்ல நேரம் பாத்து நிக்காதே... ராகுவை மிதிச்சு ஏறி வாடா!"